வேறு யாருக்குத் தெரியும்

ஆன்சன் சாலை, பத்தொன்பதாம் மாடி.
கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டை
மேசைமேல் வைத்தேன்.
மிஸ் குவெக் அதைத் தொடவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"இது வேறு யாருக்குத் தெரியும்?"

அவர் தலைக்குப் பின்னால்
ஏர்கான் சொட்டிக்கொண்டிருந்தது.
அடியில் ஒரு பூந்தொட்டி.

ஏர்கான் சொட்டாமல் பார்ப்பதுதான் என் பிழைப்பு.
வடிகுழாயில் ஜெல்லி மாதிரி அழுக்கு அடைக்கும்,
மூன்று மாதத்துக்கொருமுறை ஊதி எடுக்கவேண்டும்.
ஈசூனில் ஒரு வீட்டில்
இந்தத் துண்டைச் செருகி எட்டு மாதம்.
இன்னும் அடைக்கவில்லை.
அடைக்காவிட்டால் என்னை யார் கூப்பிடுவார்கள்
என்று ஓர் இரவு தூங்காமல் கிடந்ததும் உண்டு.

மிஸ் குவெக் விளக்கினார்.
கோணம், ஆழம், எல்லாவற்றையும்
ஊரறிய எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.
கொடுத்தால், கிடைத்தால், இருபது வருஷம் உன்னுடையது.
வாயை மூடிக்கொண்டால்
எவனாவது ஒன்றை வாங்கி
அறுத்துப் பார்க்கும் வரை உன்னுடையது.
வரைவுக்கு மட்டும் ஒன்பதாயிரம் வெள்ளி.
மலேசியாவும் வேண்டுமென்றால் அது தனிக் கணக்கு.

ரயிலில் நின்றபடி கணக்குப் போட்டேன்.
ஒன்பதாயிரம் என்றால் லாரிக்குக் கிளட்ச்,
மூன்று பேருக்கு லெவி,
மிச்சத்தில் ஒரு நல்ல ஏணி.
காப்புக்கும் காப்பிக்கும் ஓர் எழுத்துதான் தூரம்.
அந்த எழுத்துக்குத்தான் இவ்வளவு விலை.

வேறு யாருக்குத் தெரியும்?
ஜூரோங்கில் அச்சு வார்த்துக் கொடுத்த தியோவுக்கு.
ஈசூன் வீட்டம்மாவுக்கு,
சோபா நனையவில்லை என்கிற அளவுக்கு.
சகாயத்துக்கு.

சகாயத்துக்குத் தெரியும் என்று சொல்வதே பிசகு.
நான் செய்த துண்டின் வாய் நேராக இருந்தது.
ஒரே வாரத்தில் அடைத்துக்கொண்டது.
ஏணியில் நின்றவாக்கில்
பேனாக்கத்தியால் ஓர் ஓரத்தைச் சாய்த்துச் சீவி
"இப்பப் பாருங்க மேடம்" என்றான்.
நான் அளந்தேன். முப்பத்தேழு டிகிரி.
அளந்தது நான்தான்.

படிவத்தில்
கண்டுபிடித்தவர் பெயர் என்றொரு கட்டம்.
அதில் என் பெயரைப் பென்சிலால் எழுதிப் பார்த்தேன்.
கீழே அதே அளவில் இன்னொரு கட்டம்.

காக்கி புக்கிட் பட்டறையில்
சகாயம் வடிகட்டி கழுவிக்கொண்டிருந்தான்.
"உன் முழுப் பேரு சொல்லு,
பாஸ்போர்ட்டுல இருக்கற மாதிரி."
குழாயை மூடினான்.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்தான்.
"ஏன் மேடம்,
பெர்மிட்டு முடிக்கிறீங்களா?"

இல்லை என்றேன்.
என்னவென்று சொல்வதற்கு
முழுசாக ஒரு டீ ஆறிப்போகும் நேரம் பிடித்தது.
அனுப்புவேனா என்று எனக்கே தெரியாது,
வெள்ளி வரை தவணை கேட்டிருக்கிறேன் என்பதையும் சொன்னேன்.
பேனாவை நீட்டினேன்.

அந்தோணி சகாய ஜெரால்டு மிக்கேல் என்று
எழுத ஆரம்பித்தான்.
கட்டம் போதவில்லை.
கடைசி நாலெழுத்தை
ஓரத்தில்
சாய்த்து எழுதினான்.