இரண்டாம் பாகம், இரவுக் காட்சி

படம் விடும்போது மணி ஒன்றே கால்.
வடபழனி தியேட்டரின் வண்டி நிறுத்தத்தில்
டோக்கனைத் தேடும்போதே தயாளன் தொடங்கிவிட்டான்:
"எரிபொருள் தீர்ந்த கப்பல்
எப்படிடா மூணு கிரகம் தாண்டும்?"

"சின்னக் கப்பல் தள்ளிட்டுப் போச்சுல்ல,
பாப்கார்ன் வாங்கப் போயிருந்தியா?"
நிலோஃபர் விடமாட்டாள்.

"தள்ளுச்சாம்!
ஈர்ப்பு விசை என்ன டைரக்டரோட
அப்பா வீட்டுச் சொத்தா?"

சைக்கிளில் டீ விற்கும் பையனை
ஐந்து பேரும் சூழ்ந்துகொண்டோம்.
ஜெரால்டுக்கு ரோபோ குண்டூசிமேல் கோபம்.
முதல் பாகம் முழுக்க அது பேசியது ஒரே வரி,
"கதவு திறந்துதான் இருக்கிறது."
அதற்கே அழுதவன் இவன்.
இப்போது அதே குண்டூசி
சனிக்கோளின் வளையத்தில் நின்று
குத்துப்பாட்டுக்கு இடுப்பை ஆட்டுகிறது.
ஆனால் அந்த வளையம், என்றான் உடனே,
அந்த வளையத்தின் தூசியில் வெயில் விழுந்ததே,
அதற்காக இன்னொரு தடவை வருவேன்.

செத்துப்போன கேப்டன் மாதங்கியை
ஒரு காரணமும் சொல்லாமல் திருப்பிக் கொண்டுவந்தது
ஏமாற்று வேலை என்று மூன்று பேர் சொன்னார்கள்.
எஸ்தர் டீயை ஊதினாள்.
"செத்தவங்க திரும்பி வந்தா எனக்குப் பிடிக்கும்.
அதுக்குத்தானே நூத்தித் தொண்ணூறு ரூபா."
அதற்குமேல் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

"படம் எப்படிண்ணே?" என்றான் டீக்காரப் பையன்.
ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.
"அப்ப நல்லாத்தான் இருக்கு," என்று
சில்லறையை எண்ணினான்.

என் குறையை நான் சொல்லவில்லை.
முதல் பாகத்தில் 'ஆரல்' கப்பலின் வடம் அறுந்ததும்
சத்தம் மொத்தமும் நின்றுபோகும்,
பதினொரு நொடி.
ஏழு தடவை பார்த்து எண்ணியிருக்கிறேன்.
பால்கனியில் யாரோ இருமுவது கேட்கும்.
நம் இருமல்தானோ என்று தோன்றும்.
இந்த முறை வடம் அறுந்தது,
அறுந்த இடத்தில்
நாற்பது வயலினையும் ஒரு தவிலையும் கொட்டிவிட்டார்கள்.
சொன்னால், நீதான் தூங்கினாயே என்பான் தயாளன்.
இடைவேளைக்கு முன் கொஞ்சம் கண் அசந்தது
உண்மைதான்.

பவர் ஹவுஸ் தாண்டியதும்
தயாளனின் வண்டி இரண்டு தடவை இருமியது.
மூன்றாவதில் நின்றுவிட்டது.
"ரிசர்வ்ல இருந்துச்சே," என்றான்,
டேங்க்கைத் திறந்து
செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தபடி.
முதலில் சிரித்தது எஸ்தர்.

நிலோஃபர் ஸ்கூட்டியைப் பின்னால் கொண்டுவந்தாள்.
இடது செருப்பை
அவன் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்டில் ஊன்றினாள்.
"நியூட்ரல் போடுங்க, கேப்டன்."

கோடம்பாக்கம் மேம்பாலத்தில்
ஸ்கூட்டி முனகிக்கொண்டே ஏறியது.
கீழே ரயில் இல்லாத தண்டவாளம்,
யாருக்கென்று தெரியாத ஒரு சிவப்பு விளக்கு.
ஜெரால்டின் முதுகுக்குப் பின்னால் நான்.
உச்சிக்கு வந்ததும் அவள் காலை எடுத்தாள்.

அவன் போனான்.
இன்ஜின் இல்லை, ஹாரன் இல்லை,
சட்டை மட்டும் புடைத்துக்கொண்டு
சோடியம் விளக்கு ஒவ்வொன்றாய் மேலே விழுந்து நழுவ,
அத்தனை நேரம் பேசியவன்
ஒரு வார்த்தை இல்லாமல்.
என்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன்.
ஒன்பது. பத்து.
பதினொன்றில் ஒரு நாய் குரைத்தது.

நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு பங்க் திறந்திருந்தது.
தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினோம்.
"என்ன இருந்தாலும் செகண்ட் ஹாஃப் இழுவை,"
என்று தயாளன் மறுபடி ஆரம்பிக்க,
"நீ இழுத்ததைவிடவா?" என்றாள் நிலோஃபர்,
குதிகாலைத் தேய்த்துக்கொண்டே.

நூறு ரூபாய்க்கு என்றான்.
பங்க்காரர் கொட்டாவியை முடித்துவிட்டு
எல்லோரிடமும் சொல்வதை எங்களிடமும் சொன்னார்:
"ஜீரோ பாத்துக்குங்க."

ஐந்து பேரும் பார்த்தோம்.