முப்பத்தைந்து நிமிடம், கழித்தல் ஒரு நாள்

ஆப்பியாவிலிருந்து பாகோ பாகோ
நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே.
காற்று எதிர்த்தால் நாற்பது நிமிடம்,
முதுகில் தள்ளினால் முப்பத்தைந்து.
செவ்வாய் காலை பத்துக்கு ஏறுகிறவர்
திங்கள் காலை பத்தரைக்கு இறங்குவார்.
நடுக்கடலில் ஒரு கோடு இருக்கிறதாம்.
நான் பார்த்ததில்லை.
தினம் தாண்டுகிற விமானி லெசாவும் பார்த்ததில்லை.

எனக்கு எடை போடுகிற வேலை.
சின்ன விமானம்; பெட்டியோடு ஆளையும்
தராசில் நிறுத்துவோம்.
வெளிநாட்டுக்காரர்கள் முள்ளைப் பார்க்காமல்
கூரையைப் பார்ப்பார்கள்.
எங்கள் சனம் எண்ணைச் சத்தமாய்ச் சொல்லச் சொல்லி
சிரித்துவிட்டு இறங்கும்.

மெக்கானிக் ஃபெட்டுவுக்கு
ஒரே வருஷத்தில் இரண்டு முறை நாற்பது வயதானது.
இங்கே ஒரு பன்றி, அங்கே ஒரு பன்றி.
வெள்ளி மாலை அங்கே ஏறிச்
சனி மாலை இங்கே இறங்கியவன்
நடுவில் ஒரு ரக்பி ஆட்டத்தைக் காணோமென்று
என்னிடம் வந்து சண்டை பிடித்தான்.
கொடுத்த நாளைத் திருப்பி வாங்கிக்கொண்டோம்,
வட்டி கேட்கவில்லையே என்றேன்.

பெனினா வந்தது ஒரு புதன்கிழமை,
முதல் விமானத்துக்கு.
மீன் ஆலையில் வேலை பார்த்த தம்பி சியாவோசி
விடியற்காலை நாலு மணிக்குப் போய்விட்டான்.
எங்களுக்குப் புதன். அவனுக்குச் செவ்வாய்.
கறுப்பு உடுத்தி, சாவுக்குக் கொடுக்கும்
மெல்லிய பாய்களைச் சுருட்டிக்
குழந்தையைப் போல அணைத்திருந்தாள்.
அவள் எண்பத்தேழு. பாய்கள் பதினாறு.
ஆறு கிலோ அதிகம்.

எண்ணை மாற்றி எழுத முடியாது;
காகிதத்தை ஏமாற்றலாம், இறக்கையை ஏமாற்ற முடியுமா?
என் மாமியாருக்கு அனுப்ப வைத்திருந்த
சேப்பங்கிழங்கு மூட்டையை
வண்டியிலிருந்து இறக்கி வைத்தேன்.

'இறங்கும்போது அங்கே என்ன கிழமை?'
'செவ்வாய்.'
'அப்போ அவன் செத்த நாள் இன்னும் முடியலை.'
'முடியலை. ஆனால் நாலு மணி தாண்டியிருக்கும்' என்றேன்.
கேட்டதற்குப் பதில் சொல்லியே
பழகிப்போன வாய்.
'எத்தனை மணிக்கு?'
'ஏழே முக்கால்.'
விரல் விட்டு எண்ணினாள்.
'மூணே முக்கால் மணி நேரம்தான் பிந்திட்டேன்'
என்றாள், பேருந்தைத் தவறவிட்டவள் போல.

ஏழு பத்துக்குப் புறப்பாடு, புதன்.
ஏழு நாற்பத்தி நாலுக்கு வானொலியில் லெசா:
இறங்கிவிட்டோம்.
செவ்வாய் என்று பதிந்தேன்.

புதிதாக வந்த கணினி ஒவ்வொரு முறையும் கேட்கும்:
வந்த நேரம் புறப்பட்ட நேரத்துக்கு முந்தையது.
பிழையா?
ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்று அழுத்துவேன்.

அன்று
விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
மேசைக்கடியில் கிழங்கு மூட்டை
மண் உதிர்த்துக்கொண்டிருந்தது.