எழுவாய்

பதினெட்டு நாளாகக் குடிதண்ணீரில் சாக்கடை.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
இருபத்தாறு வீடு உள்ள சந்து.
மனு எழுதிடலாம் என்றார்கள். யார் எழுதுவது?
டில்லிக்கண்ணுக்குக் கையெழுத்துப் போட வரும், அதோடு சரி.
பர்வீன் அக்கா படித்தது உருது.
நான் ஆட்டோ வசூலை எண்ணில் மட்டும் குறிப்பவன்.

அப்புறம்தான் எயிலு வந்தாள்.
அஞ்சாம் வகுப்பு, பி பிரிவு.
ஸ்கூல் நோட்டில் எழிலரசி,
அந்த ழ எங்கள் சந்துக்குள் நுழைந்ததே இல்லை.
காலிக் குடத்தைக் கவிழ்த்து
மேலே பரீட்சை அட்டை வைத்துக் குந்தினாள்.
பெறுநர் என்று போட்டு நிமிர்ந்தாள்.
"யாருக்கு?"
"சாருக்கு."
"எந்த சாருக்கு?"
"இருக்கிற எல்லா சாருக்கும்."
ஐயா என்று எழுதிக் காற்புள்ளி வைத்தாள்.

"மய பேஞ்சா நடக்க வயி இல்ல, அதயும் சேத்துக்கோ"
என்றாள் ரோஸ்லின்.
மய, வயி என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள்.
எட்டிப் பார்த்தேன்,
மழை, வழி என்றிருந்தது.
அவள் வாயும் எங்கள் வாய்தான்.
பென்சில் மட்டும் வேறெங்கோ குடியிருந்தது.

தண்ணீர் குழாய் என்று எழுதிவிட்டு நாக்கைக் கடித்தாள்.
இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு க் செருகினாள்,
நெரிசல் பஸ்ஸில்
படிக்கட்டில் தொங்குபவனை உள்ளே இழுப்பதுபோல்.
"அது இன்னாத்துக்கு?"
"இல்லன்னா மார்க்கு பூடும் மாமா."

"குயா உடைக்கப்பட்டதுன்னு போடு."
டில்லிக்கண்ணு பேப்பரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுப் பழகியவர்.
எழுதினாள். பென்சில் நின்றது.
"எது உடைக்கப்பட்டதுன்னு கேட்டா, குயா.
அப்ப குயாதான் எழுவாய்.
ஆனா குயா ஒண்ணும் பண்ணலியே.
இது செயப்பாட்டு வினை. செய்வினையா மாத்தணும்.
யாரு ஒடச்சாங்க?"

சந்து, கேட்டு போட்ட ரோடு மாதிரி ஆனது.
கேபிள் பள்ளம் தோண்ட மஞ்சள் வண்டி வந்த ராத்திரி
நாங்கள் எல்லோரும் வாசலில்தான் நின்றோம்.
ரோஸ்லின் மகனுக்கு அவரிடம் வேலை.
பர்வீன் அக்காவுக்கு அவரிடம் வாடகை பாக்கி.
என் ஆட்டோ டியூவும் அவரிடமே.
பாருங்கள், நானும் அவர் என்றுதான் சொல்கிறேன்.

"அதெல்லாம் வாணாம்மா. அப்டியே வுடு."
"வுட்டா தப்பு இல்ல," ஒத்துக்கொண்டாள்.
"ஆனா கேட்டதுக்குப் பதில் இல்ல."
பிறகு அங்கே ஒரு வரி காலியாக விட்டாள்,
கோடிட்ட இடம் நிரப்புக என்பதற்கு விடும் அளவு.

மண்டல அலுவலகத்துக்கு நான்தான் கொண்டுபோனேன்.
கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி.
எண்ணினேன், ஐம்பத்தெட்டுப் பெட்டி.
சட்டைப் பாக்கெட்டில் பேனா இருந்தது.
மூடியைக் கழற்றினேன்.
மாட்டினேன்.

ஒன்பதாம் நாள் பதில்.
தங்கள் மனு பெறப்பட்டது.
ஆய்வு செய்யப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.
டில்லிக்கண்ணு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.
நல்ல தமிழ் என்றார்.

எயிலு சிவப்புப் பென்சிலைச் சீவினாள்.
பட்டது, பட்டு, படும்,
மூன்றுக்கும் அடிக்கோடு.
ஓரத்தில் யாரால் என்று எழுதி,
கேள்விக்குறியின் புள்ளியை அழுத்தியதில்
தாள் ஓட்டையானது.
அடியில் மிஸ் போடுவதுபோல் ஒரு கோடு இழுத்து
பெற்றோர் கையொப்பம் என்று எழுதினாள்.
எங்கள் பக்கம் நீட்டினாள்.

"பேனா கீதா மாமா?"