அறுபது கிலோ

சிலிம் ரிவர் செம்பனை ஆலையில்
லாரிகளை நிறுப்பது என் வேலை.
குலையோடு ஒரு தடவை, வெறுமனே ஒரு தடவை;
கழித்துச் சீட்டுக் கொடுப்பேன்.
பதினோரு வருஷமாய்க் கழித்தல் கணக்கு.

ஓர் இரவு ஷிப்டில்
கடைசி டிராக்டர் போனபின்
என் காடியை மேடையில் ஏற்றினேன்.
எழுபத்தேழாம் வருஷத்துக் கொரோலா, கடுகு நிறம்.
தஞ்சோங் மாலிம் பல்வைத்தியர் வீட்டிலிருந்து
நாலாயிரம் வெள்ளிக்கு வந்தது.
எண்ணூற்று எழுபது என்றது மேடை.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் அது,
சில்லறை தெரியாது.

அந்த ஆயிரத்து இருநூறு சிசி
கெட்டுப்போகவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.
காலையில் அரைச் சுற்றில் எழும்.
எண்ணெய் குடிக்காது, புகை விடாது.
பேராங் மேட்டில் மட்டும்
பின்னால் வரும் குலை லாரிக்கு வழிவிட்டு
ஓரத்தில் ஒதுங்கும், ரொம்பப் பணிவாக.
அந்தப் பணிவுதான்
எனக்குப் பிடிக்காமல் போனது.

ரூபேந்திரன் ரவாங் வரைக்கும் போய்
ஹாஃப்கட் கடையில் ஆ செங்கிடம் பேரம் பேசினான்.
ஜப்பானில் குறுக்கே அறுபட்ட காடிகள்
முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு
மூன்றடுக்காய்க் கிடந்தனவாம் அங்கே.
ஆயிரத்து அறுநூறு. பதினாறு வால்வு.
சங்கிலியில் தொங்கி இறங்கியபோது
கியர்பெட்டி தளத்தில் முட்டியது.
சுத்தியலை எடுத்து
தகரத்துக்குப் புரியும் மொழியில் பேசினான்.

பெரியது ஒன்று உள்ளே வந்ததும்
சுற்றி இருப்பதெல்லாம் சின்னதாகிவிட்டது:
ரேடியேட்டர், கிளட்ச், பெட்ரோல் குழாய்,
என் சம்பளம்.
"பிரேக்கும் மாத்தணும் அக்கா."
"அடுத்த மாசம்."

ஞாயிறு காலை
பன்னிரண்டாம் பிளாக் செம்மண் பாதையில் மிதித்தேன்.
பனைகள் எண்ண முடியாமல் பின்னால் ஓடின.
வாய் விட்டுச் சிரித்தேன், தனியாக,
மணமான பெண் சிரிக்கும் சத்தம் இல்லை அது.
முச்சந்தியில் பிரேக்கை அழுத்த
காடி நிற்பதைப் பற்றி
யோசிக்க ஆரம்பித்தது.

நீளக் கத்திக் கம்பைத் தோளில் சாய்த்து
மோட்டாரில் வந்த வங்காளதேசத்துப் பையன்
வடிகாலில் ஒரு காலை ஊன்றி நின்றான்.
அவன் முழங்காலுக்கும் என் பம்பருக்கும் நடுவே
ஒரு சாண்.
"பெலான் பெலான், கா" என்றான்.
திட்டவில்லை.
திட்டியிருந்தால் வீடு வரை கை நடுங்கியிருக்காது.

அன்றிரவு மறுபடி மேடை.
தொள்ளாயிரத்து முப்பது.
பிறகு முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினேன்,
பிறகு பின்சக்கரங்களை மட்டும்.
அறுபது கிலோவும் முன்னால் உட்கார்ந்திருந்தது.
பின்சக்கரங்களுக்குச் சேதியே போகவில்லை.

பேட்டரியைப் பூட்டுக்கு மாற்றினோம்.
வளையல் இரண்டு அடகுக்கடைக்குப் போய்
டிஸ்க் பிரேக்காகத் திரும்பி வந்தது.
வீட்டுக்காரர் கையைப் பார்த்தார்,
காடியைப் பார்த்தார்,
பசியாற உட்கார்ந்துவிட்டார்.

பரிசோதனை முடிந்து
போக்குவரத்து இலாகா முகப்பில் பாரம் கொடுத்தார்கள்.
பழைய இஞ்சின் எண். புதிய இஞ்சின் எண்.
அதற்குக் கீழே இரண்டு விரல் அகலத்தில்
காரணம் எழுத ஒரு கட்டம்.

பேராங் மேடு அதில் கொள்ளாது.
பதினோரு வருஷக் கழித்தலும் கொள்ளாது.
ஆசை என்பதற்கு மலாயில் சொல் தெரியும்,
எழுதவில்லை.
'ரோசாக்' என்று எழுதினேன். பழுது.
முகப்பில் இருந்த பெண் படித்துப் பார்க்காமல்
முத்திரை குத்தினாள்.

பழுதாகாத அது
ரூபேந்திரன் பட்டறையில், கித்தான் போர்த்தி,
டயர்களுக்கு நடுவே இருக்கிறது.
போன வாரம் ஒரு தடவை
கித்தானைத் தூக்கிப் பார்த்தேன்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
எண்ணெய் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது.

வெளியே வெயிலில்
சாவியை எடுத்து ஐந்து நிமிஷம் ஆகியும்
கொரோலாவின் விசிறி
இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.