ஃபாலோ

வியாசர்பாடி, கால்வாயோரம்,
மொட்டைமாடித் தகரத்தடியில் கேரம் கிளப்.
எபிநேசர் பத்தொன்பது காய்களை அடுக்குகிறான்.
நடுவில் ரெட், சுற்றி ஆறு,
அதைச் சுற்றிப் பன்னிரண்டு.

இருடா என்கிறேன்.
ரெட்டை எடுக்கிறேன்.
வெளிவட்டத்தில் ஆறு மூலைகளையும் எடுக்கிறேன்.
மிச்சம் ஒரு நட்சத்திரம்.
நடுவே வெற்று அறுகோணம், விளிம்பில் ஆறு முக்கோணம்.

"இதான் உன் கல்லாக்கா?"

இதுதான். வனேடியம் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது,
அடுக்கடுக்காக,
ஒரு நகத்துண்டுக்குள் கோடி கோடி நட்சத்திரம்.
அறுபது பாகை திருப்பு. அதே முகம்.
எலெக்ட்ரானுக்கு எந்தப் பக்கமும் பக்கம்தான்.

தொண்ணூற்று நான்கு கெல்வினில்
தண்ணி லாரி வந்த தெரு மாதிரி ஆகிவிடும்.
இங்கே நெரிசல், அங்கே காலி,
அந்தக் குடவரிசை அப்படியே உறைந்துபோகும்.
இன்னும் குளிர்ந்தால்
மூன்று அச்சில் ஒன்று மட்டும் தனியாக நடந்துகொள்கிறது.
ஏன் அது? ஏன் பக்கத்தது இல்லை?
கடைசியில், இரண்டரைக்கு வரும்போது,
மின்தடையே கிடையாது.

மின்தடை இல்லாத இடமா!
அவன் சிரித்து முடிக்கவில்லை, ஃபேன் நின்றது.
காலையிலிருந்து மூன்றாவது தடவை.

இருட்டில் அவன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் சத்தம்.
"போர்டு சாயுதான்னு மொதல்ல பாத்தியா?
இது எப்பவும் கால்வா பக்கமாத்தான் இழுக்கும்.
காய் மேல தப்பு இல்ல."
கரண்ட் பில்லை நான்காய் மடித்து
ஒரு காலுக்கடியில் செருகினான்.

நான் கல்லைப் பசைபோட்டு ஒட்டியிருந்தேன்.
பசையும் குளிரில் சுருங்கும்.
சுருங்கினால் இழுக்கும்.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனேன்.
வரைபடத்தில் இந்த நகரத்துக்கும் எல்லாத் திசையும் சமம்.
குப்பை லாரி மட்டும் கொடுங்கையூருக்குத் திரும்புகிறது,
சாம்பல் எண்ணூருக்குத் திரும்புகிறது.
தானாகவா?

மூன்று வாரம்.
பசையில்லாமல், முடியைவிட மெல்லிய சுருள்களில்
கல்லைத் தொங்கவிட்டேன்.
தொண்ணூற்று நான்கு தாண்டியது, ஐம்பது தாண்டியது,
திரையில் மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.
சமம்.
ஒரு வருஷத்து வரைபடங்கள் எல்லாம் பசையின் கையெழுத்து.
நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன்.
பிறகு, சும்மா இருக்க முடியாமல்,
கல்லின் தலைக்கு மேலிருந்து இத்தனூண்டு காந்தப்புலம்.
எந்த அச்சுக்கும் சாதகமில்லாத புலம்.
ஒரு கோடு மட்டும்
மெதுவாக, பாயிலிருந்து எழுந்திருக்கிற ஆள்போல,
மற்ற இரண்டையும் விட்டு விலகியது.

இரவு இரண்டு மணிக்கு ஃபோன் போட்டேன்.
கிளப்பில் இன்னும் ஆட்டம்,
பின்னால் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஏதோ கூட்ஸ் வண்டி.

"ரெட் விழுந்துச்சா?"
விழுந்துச்சு.
"ஃபாலோ?"
ஒரே கல்லுதான்டா. ஒரே தடவை.

பவுடரை ஊதித் தள்ளும் சத்தம் கேட்டது.
"அப்ப எடுத்து நடுவுல வை."