கால் பங்கு

கருங்கல் சந்திப்பில் மருந்துக்கடைக்கு மேலே
ஆறு மீட்டர் நீளமில்லாத அறை.
அதனால் எழுத்துப் பலகையை முதுகுக்குப் பின்னால் மாட்டி
எதிர்ச்சுவரில் ஓர் ஆடி வைத்திருக்கிறோம்.
இங்கே வருகிற எல்லோரும்
தமக்குப் பின்னால் இருப்பதைத்தான்
முன்னால் வாசிக்கிறார்கள்.

பவர் பார்க்கப் பத்து நிமிடம்.
அதன்பிறகு நான் செய்வதை
முதலாளி ஜெபராஜ் நேரவிரயம் என்பார்.
தெளிந்த கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்பேன்.
கால். அரை. முக்கால். ஒன்று.
பெட்டியிலிருந்து வில்லைகள் ஒவ்வொன்றாக
மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் சோதனைச் சட்டத்தில்
டிக் என்று விழும்.
எப்போது மங்கல் தெரிகிறது, சொல்லுங்கள்.
எப்போது தொந்தரவாகிறது.
எப்போது, இதோடு என்னால் முடியாது.

ஒரே பவர் உள்ள இரண்டு பேரில்
ஒருவருக்கு ஓரத்து மங்கல்
செருப்புக்குள் மணல்போல உறுத்தும்.
மற்றவர் அதோடு சந்தைக்குப் போய்
மரச்சீனி வாங்கித் திரும்பிவிடுவார்.

புஷ்பபாய் ரப்பர் ஷீட் தரம் பிரிப்பவள்.
புகையில் காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி
ஒரே ஒரு குமிழுக்காகக் கீழ்த்தரத்தில் வீசுகிறவள்.
கால் போட்டேன்.
"எடும் பிள்ளே. இதுக்குள்ள ஆரோ ஊதி வச்சிருக்கு."
எங்கள் பெட்டியில் அரைக்கால் இல்லை.
இருந்திருந்தால் அதிலும் பிடித்திருப்பாள்.
விலைகூடிய வில்லைதான் அவளுக்குச் சரிவரும் என்றேன்.
அரைமணி நேரம் பேரம் பேசினாள்.
வாங்கினாள்.

அடுத்து சிலுவைதாசன், குறும்பனை.
கால்.
"தெளிவு."
அரை.
"தெளிவுதான்."
முக்கால்.
"கொள்ளாம்."
ஒன்றரை போட்டபோது
பலகையில் பாதி கரைந்திருக்கும்.
"இதும் மதி பிள்ளே, ஒரு கொழப்பமும் இல்ல."

அட்டையை எடுத்தேன்.
மங்கலைப் பொறுப்பவர், எது கொடுத்தாலும் போதும்
என்று எழுதப்போகிற நேரத்தில்
சும்மா பேச்சுக்குக் கேட்டேன்,
கடலுக்குள் பாரு இருக்கிற இடம் எப்படித் தெரியும் என்று.

"கணியம் பாக்கணும்.
கோயில் குருசுக்க நேரே
மலைக்க மூக்கு வந்து நிக்கணும்.
அந்தப் பக்கம் ஒரு பனை உண்டு, அதுக்க நேரே மத்த மலை.
ஒரு விரக்கடை பெசகிச்சுண்ணு வையி,
வலை பாருல கீறும்."
சொல்லும்போது ஒரு கண்ணை மூடியிருந்தார்.
கட்டைவிரலைத் தூக்கி
என் தலைக்குமேல் எதையோ நேர்பார்த்தார்.

பெட்டியை மறுபடி திறந்தேன்.
கேள்வியை மட்டும் மாற்றினேன்.
"எந்த மங்கல்ல நீங்க வலைய எறக்க மாட்டிய?"
கால் போட்டேன்.
டிக்.
"எறக்க மாட்டேன்," என்றார் உடனே.

பிறகு வாயை மூடிக்கொண்டு
ஆடிக்குப் பக்கத்தில் தொங்கும் விலைப்பட்டியலைப் பார்த்தார்.
முதலிலிருந்தே அவர் வாசித்தது
அதைத்தான்போல.

கண்ணுக்குக் கால்,
வாய்க்கு ஒன்றரை.
இரண்டையும் எழுதினேன்.
எதற்கு வில்லை செய்வது என்று எழுத
அட்டையில் இடம் இல்லை.
ஜெபராஜ் சார் கீழேயிருந்து
அடுத்த ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"சாளை படட்டு, வாறேன்."
சட்டத்தைக் கழற்றித் தந்தார்.
மூக்கில் இரண்டு சிவந்த தடம்.
ஜன்னல்வழி பார்த்தேன்:
வந்து நின்ற பஸ்ஸின் பலகையை ஏறிட்டுவிட்டு
பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையனிடம் ஏதோ கேட்டார்.
பையன் தலையாட்டினான்.
ஏறிக்கொண்டார்.

அவருடைய பவரை உருவிவிட்டு
கால் வில்லையை மட்டும் விட்டு
சட்டத்தை என் முகத்தில் மாட்டினேன்.
பலகை, ஆடி, விலைகள்,
எதிர்க்கடை வாழைக்குலைகள்.

எனக்கு
ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.