நாற்பத்தைந்து விநாடி

நீரோடியில் கரண்டு போனால்
எங்கள் பக்கம் மட்டும்தான் இருளும்.
எல்லைக்கல்லுக்கு அப்பால், பொழியூரில்,
கேரள வாரியத்தின் விளக்கு
ஒன்றும் நடவாதது போல எரிந்துகொண்டிருக்கும்.
அதன் அடியில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில்
முதுகைச் சாய்த்துப் படித்தேன்.
பியூரிபையர். கிராங்க்கேஸ் வெடிப்பு.
பக்கத்துக்கு மூன்று கொசு.

மூன்றாம் முறை.
எழுத்துத் தேர்வு என்றோ முடிந்தது.
மிச்சம் வாய்மொழி:
மேசைக்கு அந்தப் பக்கம் சர்வேயர்,
இந்தப் பக்கம் என் நாக்கு.

முதல் முறை கேட்டார்:
கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியவில்லை,
பாய்லர் எரிகிறது, என்ன செய்வாய்?
தண்ணீர் விடுவேன் என்றேன்.
"நாலு பேரைக் கொன்றாய், உன்னையும் சேர்த்து"
என்று பேனாவை மூடினார்.
இரண்டாம் முறை எல்லாம் தெரிந்திருந்தது.
ஆங்கிலம் மட்டும்
நங்கூரம் போட்டுத் தொண்டையில் நின்றது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு,
கடல்சேவை நாட்கள் என்று.
சிமெண்டு ஏற்றிய கிழட்டுக் கப்பலில் கழித்தவை
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எழுதினேன்.
அதற்கு முன் ஆறு வருடம்
தூத்தூர்ச் சுறாப் படகின் எஞ்சின் அறையில்
குனிந்தபடியே கிடந்தேன்.
லட்சத்தீவுக்கு மேற்கே நாற்பது நாள் தங்கல்,
உடைந்த இன்ஜெக்டர் குழாயைச்
சைக்கிள் டியூப் கிழித்துக் கட்டியது,
கையில் இன்னும் பளபளக்கும் தீத்தழும்பு.
அந்தக் கடல் இந்தக் கட்டத்துக்குள் நுழையாது.
"அது மீன்பிடித்தம் அல்லே" என்றார் குமாஸ்தா,
இரக்கமாகத்தான்.
உப்பு வேறா என்று கேட்க வாய் வந்தது.
பின்னால் வரிசை நீளம்.

ஷைபிக்குப் பாறசாலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை.
ராத்திரி என் நோட்டை எடுத்துவைத்து
சர்வேயர் ஆவாள், கனத்த குரலில்.
"நடுக்கடல். கப்பல் மொத்தமும் இருண்டாச்சு. முதல்ல என்ன?"
"எமர்ஜென்சி ஜெனரேட்டர்
நாற்பத்தைந்து விநாடிக்குள் தானே எழும்."
"எழும்பலன்னா?"
"அடுத்த வரியை வாசி."
"அடுத்த வரி ஒன்றும் இல்ல ஓய், நீ டீ ஊத்திட்ட."

கொச்சியில் மழை.
மச்சான் ஆன்றோசின் ஷூ, ஒரு நம்பர் பெரிது,
ஒவ்வொரு படியிலும் எனக்குப் பின்னால் வந்தது.
குறுப்பு சார் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
இருட்டடிப்பு. முதலில் என்ன செய்வாய்?

நாற்பத்தைந்து என்றுதான் வாயெடுத்தேன்.
அதற்குள் வந்துவிட்டது அந்த இரவு.
படகின் எஞ்சின் சட்டென்று நின்றதும்
ஒன்பது பேரும் பேச்சை நிறுத்தினோம்,
பலகையில் தண்ணீர் தட்டுவது
அன்றைக்குத்தான் எனக்கு முதலில் கேட்டது.

"காது கொடுப்பேன் சார்" என்றேன்,
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.
"எதற்கு?"
"எது நின்றது,
எது இன்னும் சுற்றுகிறது என்று தெரிய."
அவர் எதுவும் எழுதவில்லை.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
இன்னும் ஐம்பது நிமிடம் கேட்டார்.
காற்றுப் புட்டி அழுத்தம், கவர்னர், தீப்பம்பு,
கழிவெண்ணெய்ப் பதிவேட்டில் யார் கையெழுத்து.
சட்டை முதுகில் ஒட்டி, காய்ந்து, மறுபடி ஒட்டியது.

சான்றிதழ் வர நாளாயிற்று.
நாலாம் வகுப்புப் பொறியாளர் அதிகாரி.
பெயரில் ஒரு எழுத்து பிழை.
வரம்புகள் என்ற இடத்தில்
மோட்டார் கப்பல்கள் மட்டும்.
ஷைபி அதை இரண்டு தடவை வாசித்தாள்.
"மட்டும்னு போட்டிருக்கானே" என்று வருத்தப்பட்டாள்.

அன்று ராத்திரியும் கரண்டு போனது.
பழக்க தோஷம், எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு.
எதுவும் எழவில்லை.
எட்டிப் பார்த்தேன்.
தெருவில் எல்லா வீட்டிலும் வெளிச்சம்.
எங்கள் வீடு மட்டும் இருட்டு.

"ஃபியூஸ்தான்" என்றாள் ஷைபி.
"எலக்ட்ரீசியன் சுனிலைக் கூப்பிடவா,
இல்ல ஆபீசர் எழும்புவாரா?"

நான் சும்மா இரு என்று கையைக் காட்டிவிட்டு
இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஃபிரிட்ஜ் நின்றிருந்தது.
கடல் ஓடிக்கொண்டிருந்தது.